மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோவது எப்படி: பட்டுக்கோட்டையிலிருந்து உறையூர் வந்த ஒரு கணக்கு டீச்சரின் குறிப்புகள்

ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்கள், வீடு தேடக் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொள்ள வேண்டும். அவர்கள் வீட்டுக்குள்ளேயா, பக்கத்திலா? வீட்டைத் தயார் செய்யப்போவது இன்றைய உடம்புக்கா, எண்பது வயதில் இருக்கப்போகும் உடம்புக்கா? எங்கள் விடை: பக்கத்தில், தனி அடுப்போடு, எண்பது வயதுக்கு. கீழே நான் எழுதும் எல்லாம் இந்த இரண்டு விடைகளிலிருந்து வந்தவைதான்.

நான் பட்டுக்கோட்டையில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் வருவாய்த் துறையில் இருந்தவர். மகளும் மாப்பிள்ளையும் திருச்சியில் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று தெரியாமல் மகள் அங்கே தவித்துப் போனாள். அதற்குப் பிறகுதான் வீட்டில் இந்தப் பேச்சே எழுந்தது.

எவ்வளவு பக்கம்

மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்து போகிற தூரம் போதும். மகள் வீடு உறையூரில் என்பதால் அங்கேயே இரண்டு தெரு தள்ளிப் பார்த்தோம். ஒரே காம்பவுண்டில் மாடி போர்ஷன் கிடைத்தது, வேண்டாம் என்றோம். அவர்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது, யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் நம் கண்ணில் படாமல் இருப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. ஆட்டோவில் அரை மணி நேரம் என்றால் அதுவும் சரிப்படாது. ராத்திரி மூச்சு முட்டினால் ஓடி வர முடியாத தூரம் என்றால், ஊர் மாறியதற்கே பொருள் இல்லை.

பத்திரம் எழுதும் முன் அந்தத் தெருவில் நாலைந்து வேளை நடந்து பாருங்கள். காலை பால் வாங்கும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம், இரவு ஒன்பது மணி. மருந்துக்கடை, மளிகைக்கடை, ஒரு பொது மருத்துவர், ஒரு கோயில் அல்லது பூங்கா, பஸ் நிறுத்தம் ஐந்தும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றனவா? நடைபாதையில் திறந்த சாக்கடை உண்டா? ஐப்பசியில் தண்ணீர் நிற்குமா என்பதை எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார்.

பழைய வீடா, புது பிளாட்டா

பழைய வீட்டை வாங்கித் திருத்திக் கட்டுவதையே நான் சொல்வேன். காற்று வரும், தரைத்தளம் கிடைக்கும், தெருவில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டின் முன் அறை மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை. உத்தரம் சுவரில் உட்காரும் முனையில்தான் கறையான் இருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. அவர் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓதம் ஏறும் சுவருக்கு மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குக் கூடத் தாங்காது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சுவரை உலரவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும்.

குளியலறைக்குத்தான் முதல் பணம்

மொத்தத் தொகையில் குளியலறைக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில்தான் மற்ற அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறை பொலிவாக இல்லாவிட்டால் யாருக்கும் இடுப்பு எலும்பு முறியாது.

பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருக்கும். அதைப் படுக்கை அறையோடு ஒட்டிக் கொண்டுவாருங்கள். ராத்திரி எழுந்தால் கட்டிலிலிருந்து பத்து அடிக்குள் இருக்க வேண்டும். கதவு வழக்கமாக 2½ அடி வைப்பார்கள். 3 அடி நிலை போடச் சொல்லுங்கள், பின்னாளில் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

தரைக்கு ஆர்-10 அல்லது ஆர்-11 என்று வழுக்காத தன்மை குறிப்பிட்ட டைல்ஸ் கேளுங்கள். கடைக்காரர் “மேட் பினிஷ்தாம்மா, வழுக்காது” என்பார். ஒரு டைல்ஸைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சின்ன டைல்ஸ் நல்லது. சிமெண்ட் இணைப்புகள் அதிகமாக இருந்தால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். தரையும் சுவரும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். கண்புரை வந்த கண்ணுக்கு வெள்ளைத் தரையில் வெள்ளைக் கம்மோடு தெரியாது.

கம்மோடின் உயரம் 17 முதல் 19 அங்குலம். சுவரில் தொங்கும் வகை என்றால் உங்கள் முழங்கால் உயரத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம். மேஸ்திரி கையில் விட்டுவிடாமல், நீங்களே ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து பார்த்து அளவு சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. அவருக்கு 18 அங்குலம் சரியாக வந்தது.

பிடிகம்பி பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வைத்த கம்பிகளை வாங்கவே வாங்காதீர்கள். எவர்சில்வர் கம்பி, ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலக் கனம், சுவரில் துளையிட்டு இறுக்கியது, அது மட்டுமே உடம்பு பாரத்தைத் தாங்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சாதாரண பிளக் நிற்காது. கம்பி வரும் இடங்களில் செங்கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வைத்துப் பூசச் சொன்னேன். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒட்டிய பிறகு செய்ய முடியாது. கம்மோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, நுழையும் இடத்தில் ஒன்று. குளிக்க உட்காரும் அகலமான திண்ணை ஒன்றும் கட்டிவிடுங்கள்; வாளியைத் தூக்காமல் குழாய்க்கு அடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

டைல்ஸ் போடும் முன் வாட்டர்ப்ரூபிங் முடிந்ததும், வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் நிற்க விடுங்கள். பக்கத்து அறைச் சுவரில் ஈரம் தெரிந்தால் அப்போதே சரி செய்யலாம். “நாள் வீணாகும்மா” என்று மேஸ்திரி முணுமுணுப்பார். ஆகட்டும்.

படி, நிலை, விளக்கு

தெருவிலிருந்து எங்கள் வீட்டுத் தரை ஒன்றரை அடி உயரம். சாய்தளம் போட வேண்டுமானால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதாவது 18 அடி. எங்கள் முன்வாசலில் அவ்வளவு இடம் இல்லை. இடம் பற்றாமல் செங்குத்தாகச் சாய்தளம் போட்டுவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கூட்டர் ஏறும், வயசானவர் சறுக்குவார். நாங்கள் ஒன்பது அங்குலத்தில் இருந்த இரண்டு உயரப் படிகளை உடைத்துவிட்டு, நாலரை அங்குலத்தில் நாலு படியாக்கினோம். கால் வைக்கும் இடம் 14 அங்குலம். ஒவ்வொரு படி விளிம்பிலும் வேறு நிறப் பட்டை. இரண்டு பக்கமும் கைப்பிடி, 3 அடி உயரத்தில். ஏறும்போது ஒரு பக்கம் பிடித்தால், இறங்கும்போது அதே கைக்கு மறு பக்கம் வேண்டும். அதனால்தான் இரண்டு பக்கமும்.

தலைவாசல் நிலைப்படி இருக்கட்டும். மஞ்சள் குங்குமம் வைக்கிற இடம். உள்ளறைகளில் இருக்கும் நிலைப்படிகளை எல்லாம் அறுத்துச் சமன் செய்துவிடுங்கள். முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவே அரை அங்குல ஏற்ற இறக்கம்கூட வேண்டாம்; பெரிய படியைக் கண் பார்க்கும், அரை அங்குலத்தைப் பார்க்காது. முன் அறையில் பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம். உலர்ந்த இடத்துக்கு அது நல்ல தரை. மெருகேற்ற மட்டும் சம்மதிக்கவில்லை.

பழைய வீட்டு ஒயரிங்கை முழுவதும் மாற்றத்தான் வேண்டும், பாதி வைத்துப் பாதி மாற்றுவது ஆபத்து. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போடச் சொன்னோம். மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் சரியான எர்த்தும் கட்டாயம். ஈரக்கையோடு சுவிட்ச் தொடும் வயது இது. படுக்கையிலிருந்து எட்டும் இடத்தில் இருவழி சுவிட்ச், கட்டிலிலிருந்து குளியலறை வரை ஆள் நடந்தால் எரியும் சிறு விளக்குகள். பிளக் பாயிண்டுகளைத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் வையுங்கள், குனிய வேண்டாம். மோட்டாருக்குத் தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் கருவி போட்டு, தொட்டி வால்வுகளையும் கீழிருந்தே கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மாடி ஏறித் தொட்டி பார்ப்பது நம் வீட்டு ஆண்களுக்கு விடாத பழக்கம்.

திருச்சி வெயிலுக்கு மொட்டை மாடியில் வெள்ளை நிற கூலிங் டைல்ஸ் பதித்தோம். பங்குனி, சித்திரையில் அதன் அருமை தெரிந்தது.

அடுப்படியில் ஒரே விதி: தோளுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே தினப்படி சாமான் எதுவும் இருக்கக் கூடாது. பரணே கட்டவில்லை. பரண் இருந்தால் அதில் பொருள் சேரும், பொருள் சேர்ந்தால் ஸ்டூல் போட்டு ஏறுவோம். மேடைக்கு அடியில் இழுப்பறைகள். காய் நறுக்க உட்கார்ந்தபடி ஒரு தாழ்ந்த மேடை. எரிவாயு ரப்பர் குழாயில் தேதி இருக்கும். ஐந்து வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள்.

மேஸ்திரியோடு வேலை

பழைய வீட்டைத் திருத்தும் வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள். எதை உடைப்பது, எதைக் கட்டுவது, எதைப் பூசுவது என்று அறை அறையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை வாங்குங்கள். சாமானை நாங்களே வாங்கினோம், கூலி மட்டும் அவரிடம் பேசினோம். மகள் வீடு பக்கத்தில் இருந்ததால் தினம் போய்ப் பார்க்க முடிந்தது. அப்படிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் சாமானோடு சேர்த்துப் பேசுவதே மேல். பணம் வேலை முடிய முடிய. கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் போன பிறகுதான் கொடுப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். “டீச்சரம்மா, அப்படியெல்லாம் யாரும் செய்றதில்லை” என்றார் எங்கள் மேஸ்திரி. “நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது தம்பி, எழுதிக்குவோம்” என்றேன். எழுதிக்கொண்டோம்.

தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள். வெயில் காலத்தில் பூச்சு நன்றாகக் காயும். ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சிவிடலாம். இல்லையென்றால் ஆவணி வரை காத்திருக்க நேரும். வேலை நடக்கும் வீட்டில் குடியிருக்காதீர்கள். சிமெண்ட் தூசி வயசான நுரையீரலுக்கு ஆகாது.

சாமான்

அறைகளின் அளவைத் தாளில் வரைந்து, பீரோ, கட்டில், ஊஞ்சல் எங்கே வரும் என்று பென்சிலால் போட்டுப் பாருங்கள். நடக்க 3 அடி வழி விட்ட பிறகு எது அடங்குகிறதோ அதுதான் வண்டியில் ஏறும். எங்கள் தேக்குக் கட்டில் ஒன்று அடங்கவில்லை. தங்கை மகனுக்குக் கொடுத்தோம். அண்டா, குத்துவிளக்கு, வெண்கலப் பானை எல்லாம் பாத்திரக்கடையில் எடைக்குப் போகும் முன், கொழுந்தனார் வீட்டுப் பெண்களையும் அக்கா பிள்ளைகளையும் கூப்பிட்டு, எது யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டுக் கையில் கொடுத்தேன். நாம் இருக்கும்போதே கொடுப்பது பெரிய சந்தோஷம். அம்மிக்கல் மட்டும் என்னோடு வந்தது. மூலப்பத்திரம், பட்டா, ஓய்வூதியக் கொடுப்பாணை, நகைகள் லாரியில் ஏறக் கூடாது. உங்கள் மடியில் வர வேண்டும். வங்கி லாக்கர் விஷயம் பலருக்கு ஞாபகம் வராது: கணக்கை வேறு கிளைக்கு மாற்றலாம், லாக்கரை அப்படி மாற்ற முடியாது. புது ஊரில் லாக்கர் கிடைக்கக் காத்திருக்க நேரலாம். முன்பே விண்ணப்பியுங்கள்.

பத்திரமும் பணமும்

இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். ஓய்வுப் பணம் முழுவதையும் மகன் பெயரிலோ மகள் பெயரிலோ உள்ள மனையில் போட்டு மாடி கட்டுகிறவர்கள் நிறைய. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் வீடு உங்கள் பெயரில் இருக்கட்டும். யாருக்கு என்பதை உயிலில் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்போதே எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை வசிக்கும் உரிமையையும், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்தப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வழி தருகிறது. மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் துறையிலேயே இருந்த என் வீட்டுக்காரர், நிபந்தனை எழுதப்படாத பத்திரங்களோடு அலைந்த பெரியவர்களைக் கண்ணால் பார்த்தவர். மாப்பிள்ளையிடம் அவரே இதை எடுத்துச் சொன்னார். மாப்பிள்ளை, “மாமா, அப்படியே செய்ங்க” என்றார்.

பழைய வீட்டை உடனே விற்காதீர்கள். புது ஊர் ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சில மாதம் வேண்டும். ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது: வீடு விற்ற லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால், புது வீட்டை விற்பனைக்கு முந்தைய ஓராண்டுக்குள்ளோ, விற்ற பின் 2 ஆண்டுக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும், கட்டுவதென்றால் 3 ஆண்டு. எங்களைப் போல முதலில் வாங்கிவிட்டவர்கள், வாங்கிய தேதியிலிருந்து ஓராண்டு முடிவதற்குள் பழையதை விற்றால்தான் கணக்குச் சரியாகும். ஆடிட்டர் ஒருவரிடம் தேதிகளைக் காட்டிவிடுங்கள்.

காகித வேலை

முதலில் ஆதார். அதில் முகவரி மாறினால் மற்றவற்றை மாற்றுவது சுலபம். பிறகு பத்திரத்தைக் காட்டிச் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்றம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. குடும்ப அட்டைக்கு முகவரி மாற்றம். கேஸ் இணைப்புக்குப் பழைய ஊரிலேயே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைப் புது ஏஜென்சியில் காட்ட வேண்டும். கிளம்பும் அவசரத்தில் இதை விட்டால் திரும்பி ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

மாநில அரசு ஓய்வூதியர்கள் பழைய கருவூலத்தில் மாறுதல் விண்ணப்பம் கொடுங்கள். உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் ஆண்டு நேர்காணலுக்கு அலைய வேண்டியதில்லை. மின்னணு வாழ்நாள் சான்றைத் தபால்காரரே 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கு வந்து பதிவு செய்கிறார். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பரில். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் புது ஊரின் எந்த மருத்துவமனைகள் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியலை அவசரம் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மருந்து வீட்டுக்கே வரும். 108-க்குக் கீழே 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், கூடவே இருவரின் மருந்துப் பட்டியலும் ரத்த வகையும்.

முதல் வருடம்

சாவி ஒன்று அவர்களிடம், அவர்கள் சாவி ஒன்று நம்மிடம். ஆனால் போவதற்கு முன் போன். இதை நான்தான் முதலில் கடைப்பிடித்தேன். மகள் தானாகவே பிடித்துக்கொண்டாள். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது எந்தக் கிழமைகளில் எங்கள் பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம். மற்ற நாளில் உடம்பு முடிந்தால் செய்வோம், முடியாது என்று சொன்னால் வருத்தம் இல்லை. “அம்மாச்சி, இன்னைக்கு உன் முறை” என்று அவளே வாசலில் நின்று சொல்கிறாள். ஞாயிறு மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு, மாறி மாறி. மற்ற நாளில் மீன் குழம்போ வாழைப்பூ வடையோ டிபன் கேரியரில் போகும், வரும்.

ஆண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பெண்களுக்குக் கோலம் போடும்போதே பக்கத்து வீடு பழகிவிடும். நாற்பது வருடம் ஒரே டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்தவருக்குப் புது ஊரில் பேச ஆள் கிடைக்க நாளாகும். என் வீட்டுக்காரர் முதல் மாதங்களில் மகளிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். தென்னூர் உழவர் சந்தைக்குக் காலையில் காய் வாங்கும் வேலையை முழுக்க அவர் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்கு இருவரும் நடந்தே போவோம். பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்தவர் ஒருவர் கிடைத்த பிறகுதான் அவருக்குப் பழைய பேச்சு திரும்பியது. வந்த முதல் வாரத்திலேயே சங்கத்தைத் தேடிப் போங்கள்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். குளியலறைக்குப் பின்சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள், மெட்ராஸ் டெரஸ் உத்தரங்களுக்கு அடியில் கறை இருக்கிறதா பாருங்கள், பிடிகம்பிகளை ஒவ்வொன்றாகத் தொங்கி இழுத்துப் பாருங்கள், மழைநீர்த் தொட்டிக் குழாயில் சருகு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சமையலறை சன்ஷேடில் மட்டும் ஒரு விரிசல்; மேஸ்திரி ஆள் அனுப்பி அடைத்துக் கொடுத்தார். அதன் பிறகு பிடித்து வைத்த தொகையை, பொங்கலுக்கு முன்னால், ஒரு வேட்டி துண்டோடு கொடுத்துவிட்டோம்.